பேர் கேட்காத ரத்தம்

அத்தியாயம் 11

அயனம்பாக்கத்தில் போகிப் புகை இன்னும் அடங்கவில்லை. கிழிந்த பாயையும் பழைய டயரையும் விடியற்காலையிலேயே கொளுத்திவிட்டு ஜனங்கள் காபி குடிக்கப் போய்விட்டார்கள். புகைக்கு மட்டும் போக இடமில்லை. ஏரிக்கரையைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

வேண்டாததைக் கொளுத்தவென்று ஒரு நாளை வைத்திருக்கிறார்களே, உடம்புக்குள் ஓடுவதை எதைப் போட்டுக் கொளுத்துவது? முகச் சவரம் செய்துகொண்டிருந்த அருள்தாஸுக்கு அந்த நினைப்புதான்.

புதிதாக வந்து சேர்ந்த வாசகர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். அருள்தாஸ் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் மிஷினில் வேலை செய்கிறவன். 1984-இல் வேலப்பன்சாவடி ரோட்டில் லாரி இடித்து, பூந்தமல்லியில் ஒரு நர்சிங் ஹோமில் சாகக் கிடந்தான். அவனுக்கு ஓ நெகட்டிவ். லேசில் கிடைக்காத ரத்தம். அண்ணன் எட்மண்ட்தான் கை நீட்டிப் படுத்து அவனைப் பிழைக்க வைத்தார். எனக்கு ஒருத்தர் கொடுத்தார், நான் நாலு பேருக்குக் கொடுக்கிறேன் என்று அன்றிலிருந்து யார் கூப்பிட்டாலும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய் நிற்பான் அருள்தாஸ்.

கிறிஸ்துமஸ் முடிந்து கோயிலில் நடந்த ரத்த தான முகாமில் அந்த மடித்த கை மடித்தபடி நின்றுவிட்டது. முகாமுக்கு வந்த அம்பத்தூர் ரத்த வங்கி டாக்டரம்மா புதிதாக ஒரு டெஸ்ட் வைத்திருந்தார். ஹெபடைடிஸ் சி. காமாலைக் குடும்பத்தில் ஒன்றுதான், ஆனால் ஆள் மஞ்சளாக மாட்டான், காய்ச்சல் வராது. வருஷக்கணக்காக ஈரலில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கும். ரத்தத்தின் வழியாக அடுத்த ஆளுக்குப் போகும். அருள்தாஸின் ரத்தத்தில் அது இருந்தது.

"இன்னாய்யா இது?"

அவன் மனைவி ஞானகுமாரி சமையல் கட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டோடு வந்து நின்றாள். தட்டின் அடியில் ஆணியால் பெரிதாக ஒரு சிலுவை கீறியிருந்தது.

"என் தட்டு. தனியா இருக்கட்டும்னு குறி போட்டேன்."

"டாக்டரம்மா இன்னா சொன்னாங்க? சோத்துல ஒட்டாது, தண்ணில ஒட்டாது, தொட்டா ஒட்டாது, ரத்தத்துல தான் ஒட்டும்னு சொன்னாங்களா இல்லியா? பிளேடத் தனியா வெச்சிக்கினியா, சரி. தட்ட எதுக்குக் கீறுன? எங்கம்மா குடுத்த தட்டுய்யா இது."

மற்ற தட்டுகளுக்கு நடுவில் அதைச் சொருகி, எது எதுவென்று தெரியாதபடி அடுக்கைக் கலைத்துவிட்டாள். கோபம் வந்தால் ஞானகுமாரிக்குப் பேச்சை விடக் கைதான் வேகமாக வேலை செய்யும்.

"எத்தினி பேருக்குக் குடுத்திருக்கேன், ஞானம்" என்றான் அருள்தாஸ். "அவங்கள்லாம் எங்க கீறாங்களோ. கண்ண மூடுனா வரிசையா நிக்கிறாங்க. ஒருத்தருக்கும் மூஞ்சி இல்ல."

"டாக்டரம்மா தேடிக்கினு தான கீறாங்க?"

"தேடட்டும். எனக்கு மூஞ்சி தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு தான்."

அந்த ஒண்ணு யாரென்று ஞானகுமாரிக்குச் சொல்ல வேண்டியதில்லை. நூம்பல் பொன்னியம்மா. ஏழு வருஷத்துக்கு முன்னால் பிரசவத்தில் ரத்தம் கொட்டிக் கிடந்தவள், அவளும் ஓ நெகட்டிவ். அவள் புருஷன் செங்கல்வராயன் எஸ்டேட்டில் ஒவ்வொரு கம்பெனி கேட்டாக ஓடிக் கதறியதில், கையிலிருந்த கிரீஸைக்கூடச் சரியாகத் துடைக்காமல் போய்ப் படுத்தான் அருள்தாஸ். அவன் கொடுத்த பாட்டிலைத்தான் அப்படியே அவளுக்கு ஏற்றினார்கள். கைக்குழந்தையோடு பிறகு ஒருநாள் அயனம்பாக்கம் வந்தவள், "எனுக்குக் கூடப் பொறந்தவன் இல்ல. ஒன் ரத்தம் எனுக்குள்ள ஓடுதுன்னா நீ தான் அண்ணன்" என்று தீர்த்துச் சொல்லிவிட்டாள். அந்த வருஷத்திலிருந்து போகிக்குப் போகி, கழுத்தில் ஜெபமாலை போட்ட இந்த மனிதன் கரும்பும் மஞ்சள் கொத்தும் கட்டிக்கொண்டு நூம்பலுக்குத் தங்கச்சி வீட்டுப் பொங்கல் சீர் கொண்டுபோகிறான். ஊரார் முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள்.

இந்த வருஷச் சீரும் வாசலில் தயாராக இருந்தது. புதுப் பானை, பச்சரிசி, வெல்லம், ஒரு சேலை.

"ஒரே ஒரு ஆறுதல்" என்றான் அருள்தாஸ், முகத்தைத் துடைத்துக்கொண்டே. "நம்ம செலினுக்கு நான் குடுக்கல."

செலின் எட்மண்டின் மகள். போன செப்டம்பரில் அவளுக்குப் பிரசவம் ஆனபோது ரத்தம் தேவைப்பட்டது. அவளுக்கும் அதே ஓ நெகட்டிவ். அந்த வாரம் அருள்தாஸும் ஞானகுமாரியும் வேளாங்கண்ணித் திருவிழாவில் இருந்தார்கள். ஆஸ்பத்திரியிலேயே எப்படியோ ரத்தம் கிடைத்துவிட்டதாக எட்மண்ட் சொன்னார். ஐயோ, நான் இல்லாமல் போனேனே என்று அப்போது அவன் புலம்பாத புலம்பல் இல்லை.

"மாதா தான் நம்மள அங்க இட்டுக்கினு போனா" என்று ஞானகுமாரி மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு சீரைப் பார்த்தாள். "இந்தா பாரு. பொன்னியம்மாகிட்ட சொல்லிட்டு சீரக் குடு. சொல்லாம குடுத்தின்னா அது சீரே இல்ல."

"சொன்னா அப்றம் அண்ணான்னு கூப்புடுமா?"

"கூப்புடாங்காட்டி போவட்டும். ஆளு நல்லா இருக்கணும்ல?"

அருள்தாஸ் சீரைத் தூக்கி மொபெட்டில் கட்டினான். ஆனால் நூம்பலுக்கு முன்னால் அவன் போகவேண்டிய இடம் இன்னொன்று இருந்தது. உங்களுக்கு ரத்தம் கொடுத்த அண்ணனிடமிருந்து வந்திருக்கலாம், அவரும் ஒருமுறை பார்த்துக்கொள்வது அவருக்குத்தான் நல்லது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எட்மண்ட் போன வாரமே டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். இன்று முடிவு சொல்லும் நாள்.

●

அம்பத்தூரில் மாடிப்படி ஏறிப் போகிற சின்ன ரத்த வங்கி. எட்மண்ட் முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை முழுக்கைச் சட்டை, படிய வாரிய தலை.

மாதா கோயில் பங்குப் பேரவையில் அவர் ஒரு முக்கியஸ்தர். வீட்டிலோ அதற்கு மேலே. எந்த விருந்தானாலும் முதல் தட்டு எட்மண்டுக்குத்தான். புத்தாண்டுப் பூசை முடிந்து வந்ததும் அருள்தாஸ் அவர் முன்னால் முட்டி போடுவான், அவர் அவன் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போடுவார். அப்பா இருந்தால் அப்பா செய்கிற காரியம். உயிர் கொடுத்த அண்ணன் என்பதால் அவருக்கு அந்த இடம். பதினைந்து வருஷமாக ஒரு புத்தாண்டு தவறியதில்லை.

அருள்தாஸுக்கு அண்ணன்மேல் துளிக் கோபமும் இல்லை. அவர் உடம்பிலும் அது இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலையில் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. ஆனால் எட்மண்டைப் பாருங்கள், கலியாணத்துக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா கூப்பிட்டார்.

"எட்மண்ட் சார், உங்களுக்கு ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு."

"மாதாவே, உனக்குத் தோத்திரம்" என்றார் எட்மண்ட். தம்பி பக்கம் திரும்பினார். "பாத்தியாடா? என்னாண்டருந்து வர்ல. ஏதோ ஊசிலருந்து தான் வந்திருக்கணும். அந்தக் காலத்துல ஒரே ஊசிய எத்தினி பேருக்குக் குத்துனாங்க."

அருள்தாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் தப்பித்தார், அது போதும். எழுந்துகொள்ளப் போனான்.

"குரூப்பும் பாத்து அட்டை போட்டிருக்கோம், வெச்சுக்குங்க" என்றார் டாக்டரம்மா. "பி பாசிட்டிவ்."

எழுந்தவன் எழுந்தபடி நின்றான்.

எட்மண்ட் அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், இல்லை என்று வரும், தம்பி மனம் ஆறும் என்ற அளவுக்குத்தான் அவர் யோசித்து வந்திருந்தார். அட்டையில் வரப்போகும் குரூப்பை அவர் நினைத்தே பார்க்கவில்லை. ஆனால் அருள்தாஸ் பதினைந்து வருஷமாக அந்தப் பெஞ்சுகளிலேயே வாழ்ந்தவன்.

"மேடம், இன்னொரு வாட்டி பாருங்க. எங்க அண்ணன் எனக்குக் குடுத்தவரு."

"ரெண்டு தடவ பாத்தாச்சு."

"பி பாசிட்டிவ எனக்கு ஏத்தியிருந்தா?"

டாக்டரம்மா அவனைப் பார்த்தார், எட்மண்டைப் பார்த்தார். எட்மண்டின் முகம் இப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது.

"அன்னிக்கே உங்க உயிருக்கு ஆபத்தாயிருக்கும்" என்றார் குரலைத் தணித்து. "உங்களுக்கு யாரோ கொடுத்திருக்காங்க. அது இவர் இல்ல."

வாசல் வரைக்கும் வந்து அவரே கதவைத் திறந்துவிட்டார். அருள்தாஸிடம் மட்டும் சொன்னார். "அந்த நூம்பல் அம்மாவ எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அழைச்சுட்டு வாங்க. இந்த டெஸ்ட் எல்லா இடத்திலயும் இன்னும் வரல. பயமுறுத்தாதீங்க, நிறைய பேர் பல வருஷம் நல்லாவே இருக்காங்க. ஆனா தெரிஞ்சிருக்கணும்."

●

கீழே டீக்கடை ஓரம் அவனுடைய மொபெட் நின்றிருந்தது. பின் சீட்டில் கட்டிய சீரில் கரும்புத் தோகை காற்றில் ஆடியது. இருவரும் டீ சொன்னார்கள், இருவரும் குடிக்கவில்லை.

"யார்ண்ணே அந்த ஆளு?" என்றான் அருள்தாஸ்.

எட்மண்ட் ரோட்டைப் பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தார்.

"உன்ன உள்ள இட்டுக்கினு பூட்டாங்க. என்ன ஒரு ரூம்ல படுக்கச் சொன்னாங்க. பக்கத்துல கண்ணாடி பாட்டிலு. அதப் பாத்ததும் எனக்கு வேர்த்து ஊத்திடுச்சு. ரத்தம் குடுத்தா ஆம்பளைக்குத் தெம்பு பூடும்னு அப்பல்லாம் சொல்லுவாங்கடா. ஊட்ல சின்னக் கொயந்தைங்க. எனக்கு பயம். வெறும் பயம் தான், வேற ஒண்ணும் இல்ல."

"அப்றம்?"

"அங்க இருந்த கம்பவுண்டரு என் மூஞ்சியப் பாத்துட்டு, பயமா கீதா சார், தம்பி குரூப்புல ஆளு ஒண்ணு கீதுன்னாரு. கேட்டாண்ட ஒருத்தன் குந்திகினு இருந்தான். கட்டம் போட்ட லுங்கி. ரெண்டு கையிலயும் இங்க பூரா ஊசித் தழும்பு" என்று முழங்கை மடிப்பைத் தொட்டுக் காட்டினார். "என் பேரச் சொல்லித் தான் அவன் படுத்தான். எட்மண்ட்னு தான் எழுதிக்கினாங்க."

"அவன் பேரு?"

"கேக்கல."

"பேரு கூடவா கேக்கல?"

"பன்னு கேட்டான், வாங்கிக் குடுத்தேன். டீல தோச்சித் தோச்சித் தின்னான். ரெண்டாவது பன்னு தின்னும்போது, தம்பியா உனுக்கு, பொழச்சிப்பான் நைனான்னு சொன்னான். எந்திரிச்சான், பூட்டான். அப்றம் நீ கண்ண முழிச்சே. அம்மா என் கையப் புடிச்சிக்கினு அழுதாங்க. உன் ரத்தம் தாண்டா இவனக் காப்பாத்துச்சுன்னாங்க. அப்ப நான் இன்னா சொல்றது?"

அப்போது சொல்லாதது பிறகு சொல்ல முடியாமலே போய்விட்டது. முதல் வருஷம் முதல் தட்டு வைத்தபோது கூச்சமாக இருந்திருக்கும். பத்தாவது வருஷம் அது அவருடைய தட்டாகவே ஆகிவிட்டது. மனுஷர்கள் அப்படித்தான்.

அருள்தாஸ் எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்பைப் பார்த்தான். பொங்கலுக்கு ஊர் போகிற கூட்டம். அதில் கட்டம் போட்ட லுங்கியில் ஒல்லியாக ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். திரும்பினான், யாரோ ஒரு சின்னப் பையன். சற்றுத் தள்ளி இன்னொரு லுங்கி, இன்னொரு ஒல்லி முதுகு. இனிமேல் எந்தக் கூட்டத்தைப் பார்த்தாலும் இதுதான் நடக்கப் போகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷம் அண்ணன் தன் உடம்புக்குள் இருக்கிறார் என்று நினைத்து வாழ்ந்தானே, அங்கே பேர் தெரியாத ஒருவன் பன்னைத் தோய்த்துத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தான். பசிக்குக் கை நீட்டியவன்மேல் கோபப்படவும் முடியவில்லை. பொழச்சிப்பான் என்று சொன்னவன் பிழைத்திருக்கிறானோ, எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டானோ.

"ஊட்ல சொல்லாதடா" என்றார் எட்மண்ட்.

அருள்தாஸ் மொபெட்டில் ஏறினான். எட்மண்ட் சட்டென்று வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தார்.

"நூம்பலுக்கா போற? வாணாம்டா. அந்தப் பொண்ணு நல்லாத் தான கீது? பண்டிக நாளும் அதுவுமா எதுக்கு? பொங்கல் போவட்டும். நான் சொல்றேன் கேளு."

அவர் இப்படிக் கெஞ்சி அருள்தாஸ் பார்த்ததே இல்லை.

"உன் மானம் போயிடும்னு அது சாவணுமா?"

"அதுக்கில்லடா..." என்று ஆரம்பித்தார் எட்மண்ட். முடிக்காமலே கையை எடுத்துக்கொண்டார்.

●

பொன்னியம்மா வாசல் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் வெள்ளை. மொபெட் சத்தம் கேட்டதுமே மட்டையைப் பக்கெட்டில் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடிவந்தாள்.

"வா அண்ணா! காலைலருந்து ரோட்டையே பாத்துகினு கீறேன். அண்ணி வர்ல? அது டூட்டிக்குப் பூட்ச்சி, ராத்திரி தான் வரும். உள்ள வா."

அது என்றது செங்கல்வராயனை. நிலத்தில் கூலி வேலை செய்த மனிதன் இப்போது வேலப்பன்சாவடியில் ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேன். பொன்னியம்மா பக்கத்துக் காலேஜில் கூட்டிப் பெருக்குகிறாள். அவள் மகள் பேரே அருள்மொழி. அது யார் பேரிலிருந்து வந்தது என்று சொல்லவேண்டாம்.

அருள்தாஸ் சீரை அவிழ்க்கவில்லை. வண்டியை விட்டு இறங்கவும் இல்லை.

"இன்னா அண்ணா, வெளியவே நின்னுகினு கீற? மூஞ்சி ஏன் இப்டி கீது? உனுக்கு ஒடம்பு சரியில்லியா?"

"பொன்னி, ஒண்ணு சொல்லணும். சொல்லி முடிச்சப்பறம் இந்த சீர நீ வாங்கிக்கினாலும் சரி, தெருவுல வீசுனாலும் சரி."

சொன்னான். சுற்றி வளைக்கத் தெரியாத மனுஷன். தன் ரத்தத்தில் இன்னது இருக்கிறது, உனக்குக் கொடுத்த ரத்தத்திலும் அது இருந்திருக்கலாம், டெஸ்ட் எடுத்துப் பார்க்கவேண்டும் என்று மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டான். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் கரும்பின் கணுவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பொன்னியம்மா சுவரோரம் உட்கார்ந்தாள். ஈரச் சுண்ணாம்பு சேலையில் ஒட்டியது தெரியவில்லை.

"சாவுற நோவா அண்ணா?"

"ஒடனே ஒண்ணும் பண்ணாதாம். நெறைய பேரு நல்லாவே கீறாங்களாம். ஈரலப் பாத்துக்கணுமாம்."

"எம் பொண்ணுக்கு ஒட்டியிருக்குமா?"

"அதப் பெத்தப்பறம் தான உனக்கு ஏத்துனாங்க. ஒண்ணா தின்னு, ஒண்ணா படுத்துல்லாம் ஒட்டாதாம்."

அவள் எழுந்தாள். வந்து அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் கையெல்லாம் சுண்ணாம்பு.

"எறங்கு மொதல்ல. நீ அன்னிக்கி வர்லன்னா எம் பொண்ணு பொறந்த அன்னிக்கே தாயில்லாப் புள்ள. நீ இன்னா தெரிஞ்சா குடுத்த? சீர எதுக்கு வீசுறது? பைத்தியமா நீ?"

அருள்தாஸ் அழுதுவிட்டான். நாலு பேர் போகிற தெருவில், வண்டிமேல் உட்கார்ந்தபடி தேம்பித் தேம்பி அழுதான். இவள் தன்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். டெஸ்டுக்கு நாளை மறுநாளே போகலாம், ஞானகுமாரியும் கூட வருவாள் என்று ஏதேதோ சொல்லிக்கொண்டே கயிற்றை அவிழ்த்தான். மனசிலிருந்து ஒரு பாரம் இறங்கிக்கொண்டிருந்தது.

மஞ்சள் கொத்தை வாங்கிய பொன்னியம்மாவின் கை பாதியில் நின்றுவிட்டது.

"அண்ணா."

"இன்னா?"

"ரத்தத்துல தான ஒட்டும்ன? எனுக்கு இருந்து, நான் யாருக்குனா குடுத்திருந்தா?"

"நீ யாருக்குக் குடுத்த?"

அவள் மஞ்சள் இலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள்.

"பொன்னி, நீ ரத்தம் குடுத்தியா?"

"ஒரே ஒரு வாட்டி தாண்ணா. உனுக்குப் பதிலா குடுக்கறோம்னு எனுக்கு அம்மாஞ் சந்தோசம். உன்னாண்ட சொல்லணும்னு வாய் வரைக்கும் வரும். சத்தியம் வாங்கிகினாரு."

"யாரு?"

"எம் பொண்ணு தலைல அடிச்சி சத்தியம் பண்ணி கீறேன் அண்ணா. மீறுனா அதுக்கு எதுனா ஆயிடும்."

"சத்தியம் வாங்குன ஆளத் தான் அந்தப் பாவம் புடிக்கும். உம் பொண்ணுக்கு நான் கீறேன். சொல்லு."

பொன்னியம்மா வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அப்படிச் செய்தால் அதன் காதில் சத்தியம் மீறுவது விழாது என்று நினைத்தாளோ என்னவோ.

"நீங்க வேளாங்கண்ணி போயிருந்தீங்களே, அப்ப. பெரியண்ணன் ஸ்கூட்டர் எடுத்துகினு விடிகாலைல இங்க வந்தாரு. கை காலெல்லாம் ஒதறுது. அருளு ஊர்ல இல்ல, நீ தான் அவன் குரூப்பு, வந்து குடும்மான்னாரு. நான் ஒரு வார்த்த கேக்கல, பின்னாடி ஏறி குந்திகினேன். ஆஸ்பத்திரில என்னென்னமோ டெஸ்ட் பண்ணாங்க, எல்லாம் நல்லா கீதுன்னு தான் சொன்னாங்க. திரும்பக் கொண்டாந்து விட்டப்ப சத்தியம் வாங்கிகினாரு. அப்பங்காரன், அவுரு ஏன் குடுக்கலன்னு ஊட்ல கேப்பாங்களாம்."

அருள்தாஸுக்கு முழுவதும் புரிந்துவிட்டது. தம்பிக்குக் கொடுத்தவர் மகளுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று யாராவது கேட்டால் பழைய பொய் அவிழ்ந்துவிடும். அது அவிழாமலிருக்க ஒரு சத்தியம். காலையில் ஹேண்டில்பாரைப் பிடித்துக் கெஞ்சிய அந்தக் கைக்கு இது தெரியும். அதுக்கில்லடா என்று சொன்ன வாய்க்கும் தெரியும்.

"யாருக்கு, பொன்னி?" என்றான். தெரிந்துகொண்டேதான் கேட்டான். வேறு ஒரு பேர் வந்துவிடாதா என்று கேட்டான்.

"நம்ம செலினுக்கு அண்ணா."

●

திரும்பி வந்த வழி அவனுக்கு நினைவில்லை. ஏரிக்கரை வந்தபோது காலைப் புகை இன்னும் தண்ணீரின்மேல் நின்றிருந்தது. காலையில் அவனுக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. மாதாவுக்கு ஞானகுமாரி அதற்காகவே நன்றி சொன்னாள்.

யாரோ ஒருவனிடமிருந்து தனக்கு, தன்னிடமிருந்து பொன்னிக்கு. பொன்னிக்கு ஒட்டியிருந்தால் அவளிடமிருந்து செலினுக்கு. ஒருவராவது கெட்ட எண்ணத்தில் கை நீட்டவில்லை. ஒருவன் பசிக்கு நீட்டினான், மற்றவர்கள் நன்றிக்கு நீட்டினார்கள். நடுவில் ஒரே ஒரு மனிதர்தான் கையை இழுத்துக்கொண்டார்.

எட்மண்டின் வீட்டு வாசலில் செலின் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். பொங்கல் முடிந்ததும் மாமியார் வீட்டுக்குக் கிளம்புகிறவள். சித்தப்பாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"சித்தப்பா, அப்பாவுக்கு இன்னா ஆச்சு? வந்ததுலருந்து ஒரு வாய் சாப்புடல. ரூம்ல குந்திகினு ஜெபமால சொல்றாரு. கேட்டா ஒண்ணுமில்லன்றாரு. நீங்க கேளுங்களேன்."

அவள் முகம் வெளுத்திருக்கிறதா? களைத்திருக்கிறதா? இன்று வரைக்கும் அவன் அவளை இப்படிப் பார்த்ததில்லை.

ஜன்னல் திரை விலகியது. எட்மண்ட் அங்கே நின்று தம்பியைப் பார்த்தார். இரண்டு கையையும் சேர்த்து நெஞ்சுக்கு நேராக வைத்திருந்தார். ஜெபத்துக்கா, கெஞ்சலுக்கா என்று அருள்தாஸுக்குத் தெரியவில்லை.

அருள்தாஸ் செலினின் தலையைத் தொட்டான். நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டான். அவன் விரலில் ஒட்டியிருந்த நூம்பல் சுண்ணாம்பு அவள் நெற்றியில் வெள்ளைக் கோடாகப் பதிந்தது.

"இன்னா சித்தப்பா, திடீர்னு?" என்று சிரித்தாள் செலின்.

"கொயந்தைய அம்மாகிட்ட குடுத்துட்டு வா. வந்து ஒக்காரு." ஜன்னலைப் பார்த்துக் குரலை உயர்த்தினான். "அண்ணே, வெளிய வா. உன் பொண்ணாண்ட நீ தான் சொல்லணும்."

திரை மூடிக்கொண்டது. செலின் சிரித்த முகத்தோடு குழந்தையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அருள்தாஸ் வாசலில் இரண்டு நாற்காலியை எதிரெதிராக இழுத்துப் போட்டுவிட்டு, ரூம் கதவின் தாழ்ப்பாள் சத்தத்துக்காகக் காத்து நின்றான்.